நாளுக்கொரு கேள்வி, தலத்துக்கொரு விடை

முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலை அப்படியொன்றும் நீளமானதன்று. பேருந்தில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேர அளவில் செந்திலாண்டவனின் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். அந்தச் சிறு பயணத்துக்குள் எத்தனை செய்திகள் அடங்கியிருக்கின்றன என்பது, கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. நாம் நூறு முறை போய்வந்த சாலை. ஆகையால் அமர்ந்தவுடன் கண்களை மூடிக்கொண்டு கவசம் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளைகளோ ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

"ஆச்சி, இங்கே பனி பெய்யுமா?"

உப்பளத்து வெண்குவியல்களைக் கண்டு எங்கள் வீட்டுக் கடைக்குட்டிப் பேத்தி கேட்ட கேள்வி இது. சுற்றி அமர்ந்திருந்தோர் சிரித்துவிட்டார்கள். குழந்தையின் முகம் வாடிவிட்டது. ஆச்சிதான் சமாதானம் செய்தாள். அது பனியன்று, கடல்நீரைப் பாத்தி கட்டி நிறுத்தி, வெயிலில் காயவிட்டு வாரியெடுத்த உப்பு. இந்திய நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி மிகுதியாக உப்பு விளைவது நம் தமிழ்நாட்டில்தான், அதிலும் பெரும்பங்கு நம் தூத்துக்குடிப் பக்கத்தில்தான் என்றெல்லாம் விளக்கினாள். குழந்தை பனி என்று சொன்னதில் மே மாத வெயிலில் வந்துகொண்டிருந்த எங்களுக்கும் ஒரு கணம் குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சற்றுத் தெற்கே பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ பெருந்துறைமுகமாக வியந்து எழுதிய ‘காயல்’ இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. இன்று அவ்வூரில் இறங்கிக் கப்பலைத் தேடினால் வாழைத்தோட்டம்தான் தென்படும். தாமிரபரணி காலங்காலமாகக் கொணர்ந்து கொட்டிய வண்டலால் கரை நீண்டு, கடல் விலகிப் போய்விட்டது. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கைக்கும் இதே கதைதான். "அப்படியானால் ஆறுதான் கடலைத் தள்ளிவிட்டதா?" என்று மூத்த பேரன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுத்து வரும் ஆத்தூரில் ஆச்சிக்கு வேறு வேலை உண்டு. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. "இனிமேல் என் வெற்றிலைப் பெட்டியை யாரும் குறை சொல்லக்கூடாது, அரசாங்கமே சான்று கொடுத்துவிட்டது" என்பது அவளுடைய வாதம். எதிர்வாதம் செய்ய எவருக்கும் துணிவு வரவில்லை.

இந்தச் சிறு சிறு செய்திகளை வீணாக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஊஞ்சலுக்கு எதிரே தொங்கும் நாள்காட்டியில் காலையில் தாளைக் கிழித்ததும், அதன் பின்புறம் ஒரு கேள்வி எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அன்றைக்குச் செல்லும் தலத்திலேயே, கண்ணால் கண்டோ காதால் கேட்டோ விடை பெறவேண்டும். கைப்பேசியில் தேடக்கூடாது. வென்றவர்க்கு உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு சில்லு பரிசு. இதில் ஒரேயொரு சிக்கல். நாள்காட்டித் தாளின் பின்புறம் நெடுங்காலமாக ஆச்சியின் பால் கணக்குக்கு உரிமைப்பட்டது. விட்டுக்கொடுக்க அவள் இசையவில்லை. ஆகவே விடுமுறை நாள் பத்திலும் மேலே ‘பால் ஒன்றரை லிட்டர்’, கீழே கேள்வி என்று ஒரே தாளில் இருவரும் குடித்தனம் நடத்தினோம்.

கேள்வி எழுதுவதிலும் ஒரு பக்குவம் தேவைப்படுகிறது. ‘அறுபடை வீடுகள் யாவை?’ என்று எழுதினால் அது பள்ளிக்கூடம். விடுமுறையில் பள்ளிக்கூடத்தை எந்தக் குழந்தை விரும்பும்? ‘கோபுரம் முன்னே, சுவாமி பின்னே, திருச்செந்தூரில் அப்படித்தானா?’ என்று எழுதினால் குழந்தைகள் கோயிலைச் சுற்றி ஓடிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். செந்தூரில் சுப்பிரமணிய சுவாமி கடலை நோக்கிக் கிழக்கு முகமாக நிற்கிறார். ஒன்பது நிலை ராஜகோபுரமோ அவருக்குப் பின்புறம், மேற்கே எழுந்து நிற்கிறது. கிழக்கே கடலலை வந்து மோதும் இடத்தில் கோபுரத்துக்கு ஏது இடம்? இதை எட்டு வயதுப் பேரன் தானே கண்டுபிடித்துச் சொன்னபோது, கோபுரத்தையே அவன் கட்டி முடித்தாற்போல அத்தனை பெருமிதம்! 2025 ஜூலை 7-ஆம் நாள் நடந்த குடமுழுக்குக்குப் பிள்ளைகளால் வர இயலவில்லை. அந்தக் குறையும் அன்று ஒருவாறு தீர்ந்தது.

நாழிக்கிணற்றில் அடுத்த கேள்வி காத்திருந்தது. ஒரு கல் எறியும் தூரத்தில் உப்புக்கடல்; இங்கே மட்டும் நன்னீர் எப்படி? சூரனோடு நடந்த போரில் களைத்த படைவீரரின் தாகம் தீர முருகப்பெருமான் வேலால் உண்டாக்கிய தீர்த்தம் என்பது தலபுராணம். மூத்தவன், தான் படித்ததை நினைவுகூர்ந்து, மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் என்றான். அதுவும் உண்மையே, மணற்பாங்கான கடற்கரையில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் அறிவார்கள். யார் விடை சரி என்று எட்டு வயதானுக்கும் மூத்தவனுக்கும் வழக்கு மூண்டது. ஆச்சி இருவர் தலையிலும் ஒரு செம்பு நீரை ஊற்றி வழக்கைத் தீர்த்துவைத்தாள். பரிசு இருவருக்கும் பாதிப்பாதி.

பன்னீர் இலை விபூதியை விரித்து நரம்புகளை எண்ணச் சொன்னபோதும் இப்படித்தான். முருகனின் பன்னிரு திருக்கரங்களே பன்னிரண்டு நரம்புகளாக அமைந்தன என்பது அடியார் நம்பிக்கை. கடைக்குட்டி பதினொன்று வரை எண்ணிவிட்டு, மற்றொரு கை தனக்கு விபூதி கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி இலையை மடித்துவிட்டாள். நமக்கு வராத விளக்கம்!

ஆனால் அன்றிரவு பிள்ளைகள் உறங்காமல் கேட்டது எலுமிச்சம்பழக் கதையைத்தான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஆறுமுகப் பெருமானின் உற்சவத் திருமேனியைக் கவர்ந்து கப்பலில் ஏற்றிச் செல்ல, நடுக்கடலில் சூறாவளி சுழற்ற, அஞ்சிக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். பெருமான் வடமலையப்ப பிள்ளையின் கனவில் தோன்றி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், கருடன் வட்டமிடும் இடத்தில் தேடுமாறு அருளினார். அவ்வாறே தேடி 1653-ல் மீட்டு வந்தார்கள் என்பது கோயில் வரலாறு. மறுநாள் காலையில் குளிக்கும் தொட்டியில் மூன்று எலுமிச்சம்பழங்கள் மிதந்தன. ஊறுகாய்க்கு வாங்கி வைத்தவை.

இவ்வளவும் வேடிக்கைதானே என்று தோன்றலாம். மூத்தவன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. கோடையிலும் தனி வகுப்புகள் உண்டென்று அவன் தாய் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதற்கடுத்து மேல்நிலை, பிறகு கல்லூரி, பிறகு எந்த நாடோ. பத்து நாள் சேர்ந்தாற்போல் எங்களோடு அவன் இருப்பது இதுவே கடைசியாகவும் இருக்கலாம். வந்த முதல் நாள் ‘கோயிலுக்கெல்லாம் வரவில்லை’ என்று சொன்னவன் அவன்தான். வற்புறுத்தி அழைத்துப் போயிருக்கலாம், வந்தும் இருப்பான். கோயிலை எண்ணும்போதெல்லாம் அந்த வற்புறுத்தலும் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்கும். நான் கேள்வித்தாளை ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

நவதிருப்பதிக்கு இரண்டு நாள் ஒதுக்கினோம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்க முயன்றால் சேவிப்பதைவிட ஓடுவதுதான் மிகுதியாகும். முதல் கேள்வியே எண்ணிக்கை பற்றியது: கோயில் ஒன்பது, ஊர் எத்தனை? எட்டு. இரட்டைத் திருப்பதியில் ஒரே ஊரில் இரண்டு கோயில்கள். தாமிரபரணிக் கரையோரம் இவ்வளவு நெருக்கமாக இத்தனை திவ்யதேசங்கள் அமைந்தது நம் பகுதியின் பேறு.

திருவைகுண்டத்தில் பெருமாள் நின்ற திருக்கோலம், வரகுணமங்கையில் இருந்த திருக்கோலம், திருப்புளியங்குடியில் கிடந்த திருக்கோலம். மூன்றையும் பிள்ளைகள் வண்டியிலேயே நடித்துப் பார்த்தார்கள். உண்டபின் மூவரும் கிடந்த கோலத்தையே விரும்பினார்கள். திருவைகுண்டத்துப் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று திருநாமம். தம்மைச் சரணடைந்த திருடன் ஒருவனைக் காக்கத் தாமே திருடனாக வேடம் பூண்டவர். உற்சவத் திருமேனியை வடித்த சிற்பி, அதன் அழகில் மயங்கிக் கன்னத்தில் செல்லமாகக் கிள்ளிவிட்டாராம். அந்தத் தழும்பு திருமுகத்தில் உண்டு என்பார்கள். ‘ஆச்சி எங்களைக் கிள்ளுவாளே, அதைப் போலவா?’ என்று கேள்வி வந்தது. ஆம், அதைப் போலத்தான். குழந்தைகளுக்கு அந்தப் பெருமாள் உடனே உறவினராகிவிட்டார்.

திருப்புளியங்குடியில் ‘பெருமாளின் திருவடியை எங்கிருந்து சேவிக்கவேண்டும்?’ என்று எழுதியிருந்தேன். மூத்தவன் மெல்ல நழுவிப் பிராகாரத்துக்குப் போய், வெளிச்சுவரில் இருக்கும் சாளரத்தைக் கண்டுபிடித்து, கையசைத்து எல்லோரையும் அழைத்தான். உள்ளே திருமுகம், வெளியே சாளரம் வழியாகத் திருவடி. பெரிய திருமேனியாகப் பள்ளிகொண்டவருக்கு அப்படித்தானே இருக்கவேண்டும்! திருக்கோளூரிலோ வைத்தமாநிதிப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். செல்வத்தை அளந்து களைத்தவர் என்பார்கள். மரக்கால் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அரிசி அளக்கும் படியைக் காட்டியே வளர்ந்த நம் தலைமுறைக்கு இது சற்று உறுத்தத்தான் செய்தது. இதே ஊரில்தான் ஒரு பெண்பிள்ளை, ஊரைவிட்டு வெளியேறும் காரணத்தை ராமாநுஜரிடம் 81 வாக்கியங்களில் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஓர் அடியாரின் கதை. நாளுக்கொன்றாகச் சொன்னாலும் எட்டுக் கோடைக்குப் போதும்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்த புளியமரத்தின் இலைகள் மற்ற மரங்களைப் போல இரவில் மூடுவதில்லை, ஆகவே உறங்காப்புளி. இரவு தங்கிப் பார்த்தால்தான் நம்புவேன் என்றான் எட்டு வயதான். இரவு ஏழரை மணிக்கு அவனே வண்டியில் உறங்கிவிட்டதால் சோதனை தள்ளிவைக்கப்பட்டது.

கடைசியாகத் தென்திருப்பேரை. மகரநெடுங்குழைக்காதர் சந்நிதியில் கருடாழ்வார் நேரெதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இவ்வூரில் வேதம் ஓதும் ஒலி, விழாவின் ஒலி, பிள்ளைகள் கூட்டமாக விளையாடும் ஒலி ஆகிய மூன்றும் ஓய்வதில்லை என்று நம்மாழ்வார் பாடியிருக்கிறார். அவற்றைக் கேட்கவும், பிள்ளைகளின் விளையாட்டைக் காணவும் தடையாக இராதபடி கருடனைச் சற்று விலகியிருக்கச் சொன்னார் பெருமாள் என்பது இத்தலத்துப் பெரியோர் வாக்கு. வேத ஒலியோடு ஒரே வரிசையில் பிள்ளைகளின் கூச்சலையும் ஆழ்வார் வைத்துப் பாடினாரே என்று அந்தச் சந்நிதியில் நிற்குந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கும். காதில் மகர குண்டலம். அந்தக் காதுக்கு விருப்பமானது இது.

அன்று கேள்வி எழுதும் முறையைப் பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் எழுதிய கேள்வி: ‘ஒன்பது கோயிலிலும் சேர்த்துப் பெரியவர்கள் சத்தம் போடாதே என்று சொன்னது எத்தனை முறை?’ விடை இருபத்தேழு. அவளே விரல்விட்டு எண்ணி வந்திருக்கிறாள். கண்மூடித் தியானிப்பவர் அருகே கூச்சலிடலாகாது என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்த இருபத்தேழில் பத்தொன்பது பிராகாரத்தில் சொன்னவை என்று கணக்கும் காட்டினாள்.

புறப்படும் நாள் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்காமல் விடுவார்களா? ஆச்சிக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார்கள். அதில் முந்திரியோடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்கிறது என்று மூத்தவன் காதோடு சொல்ல, நீட்டிய கை அப்படியே நின்றது. "எனக்குப் பல் இல்லை, நீங்களே தின்னுங்கள்" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். இன்றும் முறுக்கை முறித்துத் தின்பவள்!

முத்துநகர் விரைவு ரயில் புறப்படும்முன் மூத்தவன் தன் பையைத் திறந்து, கேள்வித்தாள்கள் பத்தையும் அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பதைக் காட்டினான். விடைகளையும் அவனே கீழே எழுதியிருந்தான். ஒன்றிரண்டில் எழுத்துப் பிழை உண்டு, நான் சுட்டவில்லை.

மறுவாரம் பால்காரர் கணக்குக் கேட்டு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது, பத்து நாள் பால் கணக்கு முழுவதும் சென்னைக்குப் போய்விட்டதென்று. ஆச்சி கைப்பேசியில் அழைத்து, பேரன் ஒவ்வொரு தாளாகப் படிக்கப் படிக்கக் கூட்டிக்கொண்டிருந்தாள்: ஒன்றரை, ஒன்றரை, இரண்டு. இடையிடையே அவன் கேள்விகளையும் சேர்த்தே படித்ததால் கணக்கு முடிய முக்கால் மணி நேரமாயிற்று.