கிண்ணத்தை ஏன் இருமுறை கடைகின்றனர்?

பழைய கடைச்சல் பொறியொன்றைத் திருத்தியெடுக்கும் பொழுதுபோக்கு மரவேலையாளர் பலர், அதில் கடைய விரும்புவது கிண்ணமே. பச்சை மரம் உளிக்கு இலகுவாக இடங்கொடுக்கும். ஆனால் ஒரே தடவையில் கடைந்து முடித்த வட்டக் கிண்ணம் உலரும்போது நீள்வட்டமாகும். சிலவேளை வெடித்தும் போகும்.

காரணம் யாது? "நீர் வெளியேறுவதால் மரம் சுருங்குகிறது" என்று மட்டும் எழுதினால் விடை பாதியே. முதலில் வெளியேறுவது கலங்களின் குழிகளிலுள்ள நீர். அப்போது மரத்தின் நிறை குறையுமேயன்றி மரம் சுருங்காது. ஈரலிப்பு ஏறத்தாழ 30% இற்குக் கீழிறங்கி, கலச்சுவரிலுள்ள நீர் வெளியேறும்போதே சுருக்கம் ஆரம்பமாகும்.

அச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் சமனன்று என்பதே இங்கு முக்கியம். ஆண்டு வளையத்தின் வழியே ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத் திசைச் சுருக்கத்தின் ஏறத்தாழ இரு மடங்காகும். நடுத்தண்டுடன் விட்ட குற்றி வெடிப்பது இதனாலேயே. எனவே குற்றியை நடுவால் பிளந்தே எடுப்பர். நாரின் நீளப்பாட்டிலோ சுருக்கம் மிகச் சொற்பம். கிண்ணத்தின் வாயில் ஒரு விட்டம் நாரின் வழியேயும் மற்றையது நாருக்குக் குறுக்காகவும் அமைகின்றன. முன்னையது அப்படியே இருக்க, பின்னையது குறுகும்.

ஆகவே முதலில் தடிப்பாகக் கடைவர். 30 சென்ரிமீற்றர் விட்டமெனில் சுவர் 3 சென்ரிமீற்றர், அதாவது பத்திலொன்று. நார் முனைகளினூடாக நீர் விரைவாக வெளியேறுமாதலால் அங்கு மெழுகு பூசி, நிழலில் சில மாதங்கள் வைப்பர். இடையிடையே நிறுத்துப் பார்த்து, நிறை மேலும் குறையாதபோது மீண்டும் பொறியிலேற்றி, எஞ்சிய தடிப்பிலிருந்து வட்டத்தைக் கடைந்தெடுப்பர்.