மூப்பும் தடுமாற்றமும்

முதியவர்கள் கால் இடறி விழுவது இயற்கைதானே என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வீட்டில் பாட்டியார் ஒரு முறை விழுந்துவிட்டால், "இனி நீங்கள் அசையவே வேண்டாம்" என்று அன்புடன் கட்டளையிடுகிறோம். அந்த அன்பிலேதான் அபாயம் இருக்கிறது. உழைக்காத தசை நாளுக்கு நாள் மெலிகிறது. மெலிந்த கால் மீண்டும் தடுமாறுகிறது.

நியூஸிலாந்து தேசத்தின் டனீடன் நகரில், ஒடாகோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த நிபுணர்கள் இவ்விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 ஸ்திரீகளை ஏறக்குறையச் சமமான இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலேயே தேகப்பயிற்சி கற்பித்தார்கள். கணுக்காலில் சிறு பளுவைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்குதல், நாற்காலியிலிருந்து எழுந்திருத்தல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டினாற்போல் வைத்து நடத்தல் முதலியவையே அப்பயிற்சிகள். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். அதனுடன் சற்று உலாவலும் உண்டு. ஓராண்டு முடிவில், பயிற்சி பெறாதவர்கள் 152 முறை விழுந்திருந்தார்கள்; பயின்றவர்களோ 88 முறைதான். 1997-ல் இம்முடிவு வெளியாயிற்று.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. பற்றிக்கொள்ள உறுதியான மேஜை ஒன்றும், அருகில் துணைக்கு ஒருவரும் இருந்தால் போதும். தலைச்சுற்றலோ மார்வலியோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். மற்றவர்கள் விஷயத்தில் தாமதம் எதற்கு? இன்று மாலையே, சுவரோடு அணைத்துப் போட்ட நாற்காலியில் பாட்டியாரை அமர்த்தி, ஐந்து முறை மெல்ல எழுந்து அமரச் செய்யுங்கள். பேரக்குழந்தைகள் எண்ணிக்கை சொல்லட்டும்!