‘தைரியமா இரு’ என்று சொன்னால் போதுமா?

பெரணமல்லூர், ஆரணி பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளையிடம், “அடுத்து என்ன பண்ணப்போற?” என்று கேட்டுப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி, சென்னையில் ஐடி வேலை, அதுவும் இல்லையென்றால் செய்யாறு சிப்காட் என்று பதில் வரும். மதிப்பெண் மட்டுமே இந்த முடிவைத் தீர்மானிப்பதில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். எதையும் சாதிப்பேன் என்கிற வீராப்பு வேறு, ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை வேறு. ஒருவர் எதில் இறங்குவார், எதை ஒதுக்குவார் என்பதை இரண்டாவதே முடிவுசெய்கிறது. நான்சி பெட்ஸும் கெயில் ஹாக்கெட்டும் 1981-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். திறனில் மாணவிகள் குறைந்தவர்கள் அல்லர். ஆனாலும், ஆண்களின் தொழில்கள் என்று கருதப்பட்டவற்றில் அவர்களுக்கு நம்பிக்கை குறைவாக இருந்தது. அவற்றை அவர்கள் அவ்வளவாக யோசிக்கவும் இல்லை.

இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் பண்டூரா. தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கம், பதற்றமில்லாத உடலும் மனமும். இவற்றில் வலுவானது முதலாவது. கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினர் பேசுவதெல்லாம் மூன்றாவது வகை. நாமோ அதைத்தான் வாரி வழங்குகிறோம்.

நம்பிக்கையோடு, மாறும் வேலைச் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தகவமைப்பும் வேண்டும். அதைப் பற்றி அதிகம் எழுதியவர் உளவியலாளர் மார்க் சவிக்காஸ். எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, முடிவைத் தன் கையில் வைத்திருப்பது, புதியதைத் தேடும் ஆர்வம், நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்ததே அது என்பது அவர் கருத்து. அதாவது, தன்னம்பிக்கை அதில் ஒரு பங்குதான். கிடைத்த வேலையில் வாய்மூடி உட்காருவது இந்தக் கணக்கில் வராது. அங்கே முடிவு வேலை செய்பவர் கையில் இல்லையே.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தத் தகவமைப்பு ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்திருப்பார்கள். அறுந்த இழையைத் தேடி முடிந்திருப்பார்கள். டிசைன் மாறினால் ஜக்கார்டு அட்டைகள் மாறுவதையும், ஆர்டர் குறைந்தால் வீட்டுச் செலவு சுருங்குவதையும் கூடவே இருந்து பார்த்தவர்கள். இருந்தும், விண்ணப்பத்தில் ‘அனுபவம்: இல்லை’ என்றே எழுதுகிறார்கள். இந்த வீட்டு வேலையையும் அனுபவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது அவர்களிடம் சொன்னால்தானே?

2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளில் திறன் பாடங்களைக் கொண்டுவந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பாடமும் பணமும் வந்துவிட்டன. செய்து பார்க்கும் வாய்ப்புதான் தாமதமாகிறது. வேலைவாய்ப்பு முகாமைக் கடைசி செமஸ்டரில் வைப்பதைவிட, இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு மாதம் சிப்காட் ஆலையிலோ, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவிலோ, வங்கியிலோ மாணவர்களை உட்காரவைக்கலாம். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் வேறு வழி தேட இன்னும் ஓராண்டு கையில் இருக்கும்.