சுகாதாரப் பணியாளர்களில் உயிர்ச்சத்து டி குறைபாடும் அழற்சிக் குறிப்பான்களும்

மருத்துவர்கள், செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், ஆய்வக நுட்பநர்கள் போன்ற சுகாதாரப் பணியாளர்களிடம் உயிர்ச்சத்து டி (வைட்டமின் டி) குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. இக்குறைபாடு உள்ளவர்களின் இரத்தத்தில் சி-எதிர்வினைப் புரதம் முதலிய அழற்சிக் குறிப்பான்கள் சற்று உயர்ந்திருப்பதையும் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இரண்டும் சேர்ந்து காணப்படுவதில் ஐயமில்லை. எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல் உள்ளது. குறைபாடே அழற்சியைத் தூண்டுகிறது என்றால் மாத்திரை கொடுத்தால் போதும். இரவுப் பணி, தூக்கமின்மை, உடற்பருமன் ஆகியவை இரண்டையும் சேர்த்தே உண்டாக்குகின்றன என்றால், மாத்திரையால் ஆய்வக அறிக்கையில் உள்ள எண் மட்டுமே மாறும், பணியாளரின் உடல்நலம் மாறாது.

உடலில் உருவாகும் விதம்

உயிர்ச்சத்து டி உணவில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. கொழுப்பு மிகுந்த மீன், மீன் எண்ணெய், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் ஓரளவு உண்டு. மீதி தோலில்தான் உருவாக வேண்டும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர்கள் (ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம்) தோலில் உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருளை உயிர்ச்சத்து டி3-இன் முன்வடிவமாக மாற்றுகின்றன. உடலின் வெப்பத்தால் அது டி3 ஆகிறது. பின்பு கல்லீரலில் 25-ஹைட்ராக்சி உயிர்ச்சத்து டி ஆகவும், சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் என்ற செயல்திறன் மிக்க வடிவமாகவும் மாறுகிறது.

இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது கால்சிட்ரியால் அன்று. கல்லீரலில் உருவாகும் 25-ஹைட்ராக்சி வடிவமே அளக்கப்படுகிறது. கால்சிட்ரியால் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். 25-ஹைட்ராக்சி வடிவத்தின் அரைவாழ்வுக் காலம் இரண்டு முதல் மூன்று வாரங்கள் என்பதால் அது உடலின் இருப்பை நன்கு காட்டும்.

சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிர்களை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். வெளிச்சம் நிறைந்த வார்டில் நாள் முழுதும் நின்றாலும் தோலில் உயிர்ச்சத்து டி உருவாகாமல் போவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு இருந்தால் போதும்?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் (லிட்டருக்கு 50 நானோமோல்) இருந்தால் ஏறத்தாழ எல்லோருடைய எலும்பு நலத்துக்கும் போதும் என்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, 20க்குக் கீழ் குறைபாடு என்றும், 21 முதல் 29 வரை போதாமை என்றும் வகுத்தது. இந்த இரண்டாவது வரையறையின்படி உலகில் மிகப் பலர் ஒரே நாளில் ‘போதாதவர்கள்’ ஆனார்கள். 2024இல் வெளியான புதிய வழிகாட்டுதலில் அச்சங்கமே அந்தப் பழைய எல்லைகளைக் கைவிட்டதுடன், நலமாக உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக இப்பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்றும் கூறியது. பணியாளர்களில் இத்தனை விழுக்காட்டினருக்குக் குறைபாடு என்று சொல்லும் எந்த ஆய்வையும் படிக்கும்போது, எந்த எல்லையை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பணியாளர்களிடையே பரவல்

பல்வேறு தொழில் செய்வோரின் உயிர்ச்சத்து டி அளவை ஒப்பிட்ட முக்கியமான தொகுப்பாய்வு ஒன்றைக் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். 71 ஆய்வுக் கட்டுரைகளும் 53,425 பேரும் அதில் அடங்குவர். லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழ் இருப்பதைக் குறைபாடு எனக் கொண்டால், சுழற்சி முறைப் பணியாளர்களில் 80 விழுக்காட்டினரும், கட்டடங்களுக்குள் வேலை செய்வோரில் 77 விழுக்காட்டினரும் அதில் அடங்கினர். சுகாதாரத் துறையில் மாணவர்கள் 72, பயிற்சி மருத்துவர்கள் 65, மருத்துவர்கள் 46, செவிலியர்கள் 43 விழுக்காடு என்று இருந்தது.

இந்த வரிசை கவனிக்கத்தக்கது. உயிர்ச்சத்து டி பற்றிய அறிவு மருத்துவ மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. அவர்களிடம் இல்லாதது பகல் நேரம். விடியுமுன் வார்டுக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியேறுபவருக்கு, வெயில் கொளுத்தும் ஊரும் பனிமூட்டம் நிறைந்த ஊரும் ஒன்றுதான்.

இதற்கு இந்தியாவிலிருந்தே நல்ல சான்று உண்டு. தில்லியில் நலமாக உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வெயிலில் பயிற்சி செய்யும் படைவீரர்களின் சராசரி அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 47 நானோமோலாக இருந்தது. அதே நகரின் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் குளிர்காலத்தில் அது 10ஐக்கூட எட்டவில்லை. கருமையான தோலில் உள்ள மெலனின் கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால் நம்மவர்களுக்குக் கூடுதல் நேரம் வெயில் தேவைப்படுகிறது என்பது உண்மை. ஆனால் படைவீரர்களும் அதே நாட்டவர்கள்தாம். எனவே தோல் நிறத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

அழற்சிக் குறிப்பான்கள்

தொற்று, காயம், திசுச் சிதைவு ஆகியவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை அழற்சி எனப்படும். அதன் அளவை இரத்தத்தில் காட்டும் பொருள்களே அழற்சிக் குறிப்பான்கள். இவற்றுள் அதிகம் பயன்படுவது சி-எதிர்வினைப் புரதம். நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் ஆகிய இருவர் 1930இல் இதைக் கண்டறிந்தனர். நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கசு பாக்டீரியாவின் ‘சி’ பல்சர்க்கரையுடன் வினைபுரிந்ததால் இப்பெயர் வந்தது. உயிர்ச்சத்து சி-க்கும் இதற்கும் தொடர்பில்லை.

நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனைச் சுரக்கும்போது கல்லீரல் இப்புரதத்தை உருவாக்குகிறது. கடும் தொற்றில் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும். நீடித்த மெல்லிய அழற்சியில் மிகச் சிறிய மாற்றமே இருக்கும் என்பதால் அதை அளக்க உயர் உணர்திறன் பரிசோதனை தேவை. இதய நோய் அபாயத்தைக் கணிக்க, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று 2003இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்தனர். இன்டர்லூகின்-6, கட்டி நசிவுக் காரணி ஆல்ஃபா, இரத்தச் சிவப்பணுப் படிவு வீதம் ஆகியவை பிற குறிப்பான்கள்.

இரண்டுக்கும் இடையிலான தொடர்பு

உயிர்ச்சத்து டி-யின் ஏற்பிகள் எலும்பிலும் குடலிலும் மட்டுமன்றி, பெருவிழுங்கு செல்களிலும் டி-வகை வெள்ளணுக்களிலும் உள்ளன. (இந்த ‘டி’ வேறு, தைமசு சுரப்பியைக் குறிப்பது.) பெருவிழுங்கு செல்கள் தாமாகவே கால்சிட்ரியாலை உருவாக்கவும் வல்லவை. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் உயிர்ச்சத்து டி சேர்த்தால், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப்-கப்பா பி என்ற பாதை அடங்குகிறது. இன்டர்லூகின்-6இன் சுரப்பும் குறைகிறது. எனவே குறைபாடு அழற்சியைக் கூட்டும் என்று எதிர்பார்க்க உயிரியல் நியாயம் உண்டு.

அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 2001 முதல் 2006 வரை பங்கேற்ற 15,167 பெரியவர்களின் தரவை ஜான்சு ஹாப்கின்சு ஆய்வாளர்கள் அலசி 2012இல் வெளியிட்டனர். மில்லிலிட்டருக்கு 21 நானோகிராம் வரை, உயிர்ச்சத்து டி உயர உயரச் சி-எதிர்வினைப் புரதம் குறைந்தது. அதற்கு மேல் அந்த நன்மை காணப்படவில்லை.

இனி மறுபக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 33 பேரின் இரத்தத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வு 2011இல் வெளியானது. இரண்டு நாள்களில் சி-எதிர்வினைப் புரதம் பன்மடங்கு உயர்ந்தது. 25-ஹைட்ராக்சி உயிர்ச்சத்து டி ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. இரண்டே நாளில் வெயில் குறைந்ததாலோ உணவு மாறியதாலோ இது நிகழ்ந்திருக்க முடியாது. அழற்சியே அளவைக் கீழிறக்கியது. காய்ச்சலோடு பணிக்கு வந்த செவிலியரிடம் அன்றே இரத்தம் எடுத்து, உயிர்ச்சத்து டி குறைவாக உள்ளதால்தான் அழற்சி என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறாகலாம் என்பதை இந்தச் சிறிய ஆய்வு காட்டுகிறது.

உடற்பருமன் மற்றொரு குழப்பம். உயிர்ச்சத்து டி கொழுப்பில் கரைவது. பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் அது தங்கிவிடுவதால் இரத்தத்தில் குறைகிறது. அதே கொழுப்புத் திசு இன்டர்லூகின்-6ஐயும் சுரக்கிறது. தூக்கம் கெட்டு, நள்ளிரவில் கிடைத்ததை உண்டு, பகலில் திரையை மூடி உறங்கும் இரவுப் பணியாளரிடம் இவை அனைத்தும் ஒன்றுசேர்கின்றன.

இம்முடிச்சை அவிழ்க்க மரபணு வழி ஒன்று உண்டு. பிறப்பிலேயே உயிர்ச்சத்து டி அளவைச் சற்றுக் கூட்டும், குறைக்கும் மரபணு வேறுபாடுகள் பணி நேரத்தாலோ காய்ச்சலாலோ மாறுவதில்லை. யூகே பயோபேங்கில் உள்ள 2,94,970 பேரின் தரவைக் கொண்டு தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், கடுமையான குறைபாடு உள்ள நிலையில் மட்டும் உயிர்ச்சத்து டி குறைவு சி-எதிர்வினைப் புரதத்தை உயர்த்துவதற்கான சான்று கிடைத்தது. லிட்டருக்கு 50 நானோமோலை நெருங்கும்போது கோடு தட்டையாகிவிடுகிறது.

மாத்திரைச் சோதனைகள்

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் சோதனையில் நாளுக்கு 2,000 பன்னாட்டு அலகு உயிர்ச்சத்து டி3 சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் தரப்பட்டது. புற்றுநோயும் இதய நோயும் குறையவில்லை. இவர்களில் ஒரு சிறு குழுவில் இரண்டாம் ஆண்டில் சி-எதிர்வினைப் புரதம் 19 விழுக்காடு குறைந்திருந்தது. நான்காம் ஆண்டில் அந்த வேறுபாடு இல்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே போதிய அளவு இருந்ததை மறந்துவிடக் கூடாது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிப் பார்த்த சோதனை அது.

கோவிட்-19 காலத்தில் சுகாதாரப் பணியாளர்களே நேரடியாக ஆராயப்பட்டனர். பர்மிங்காம் மருத்துவமனைகளில் 2020 மே மாதம் 392 பணியாளர்களைச் சோதித்ததில், குறைபாடு உள்ளவர்களில் 72 விழுக்காட்டினரிடமும் ஏனையோரில் 51 விழுக்காட்டினரிடமும் கொரோனா எதிர்ப்பான்கள் காணப்பட்டன. மெக்சிகோ நகரில் முன்களப் பணியாளர்களுக்கு நாளுக்கு 4,000 அலகு வீதம் 30 நாள் கொடுத்த சோதனையில், தொற்று 24.5 விழுக்காட்டுக்குப் பதிலாக 6.4 விழுக்காடாக இருந்தது. ஆனால் சேர்ந்த 321 பேரில் 192 பேரே இறுதிவரை நீடித்தனர். இவ்வளவு பேர் இடையில் விலகிய சோதனையை முழுமையாக நம்புவது கடினம். பிரித்தானியாவில் பொதுமக்கள் 6,200 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பயன் தென்படவில்லை.

நடைமுறை

மெய்யான குறைபாடு உள்ள பணியாளருக்கு மாத்திரை தருவதில் தயக்கம் தேவையில்லை. அழற்சி குறையாவிட்டாலும் எலும்பும் தசையும் பயனடையும். இரவெல்லாம் நின்று நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுபவர்களுக்கு அது சிறிய விடயமன்று. நாளுக்கு 600 பன்னாட்டு அலகு என்பது 70 வயது வரையிலான பெரியவர்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை. மருத்துவர் கண்காணிப்பின்றி 4,000ஐத் தாண்டக் கூடாது என்பது மேல் வரம்பு.

இந்தியாவில் வாரம் ஒரு 60,000 அலகுப் பொட்டலமும், சில இடங்களில் பல இலட்சம் அலகு ஊசியும் வழக்கத்தில் உள்ளன. மருந்தை எளிதில் எடுக்க முடிகிற மருத்துவமனை ஊழியர்கள் இவற்றைத் தாமாகவே தொடர்வதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்த சோதனையில் விழுதலும் எலும்பு முறிவும் குறைவதற்கு மாறாகக் கூடின. அளவுக்கு மீறினால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து வாந்தி, மிகுந்த தாகம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படும்.

பரிசோதனை செய்வதாயின் காய்ச்சல், சளி, அண்மை அறுவை சிகிச்சை எதுவும் இல்லாத நாளில் செய்வது நல்லது. இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் வழியில் படும் இளவெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் அது மிகுதி. பணியாளர்கள் உணவு இடைவேளையில் கட்டடத்தை விட்டு வெளியே வர முடிகிறதா என்பதைப் பணிநேர அட்டவணை வகுப்பவர்தான் முடிவு செய்கிறார்.