யானைக்கு ஐம்பது ரூபா, தேயிலை மலைக்கு எவ்வளவு தெரியுமா?

தெமோதரை ஸ்டேஷனில் பதுளை ரயிலுக்காக நிற்கும்போது, அந்த ரயில் போகப்போகும் தண்டவாளமே உங்கள் காலுக்குக் கீழே சுரங்கத்துக்குள் கிடக்கிறது! மலையைச் சுற்றி இறங்கி, இப்போது நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகும். இது ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க வரும் வெள்ளைக்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் பச்சையாய் ஏறி நிற்கிறதே தேயிலை, அந்த நிலத்துக்கு வருட வரி எவ்வளவு தெரியுமா?

ஹெக்டயருக்குப் பத்து ரூபா! பிரதேச சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் ஐந்து ஹெக்டயரும் அதற்கு மேலும் உள்ள பயிர் நிலத்துக்கு அப்படித்தான் ஏக்கர் வரி போட்டிருக்கிறார்கள். அதே வர்த்தமானியில் கொஞ்சம் கீழே பாருங்கள்: வாகன, விலங்கு வரி. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் 15 ரூபா, யானைக்கு 50 ரூபா. ஆக, ஒரு யானையும் ஐந்து ஹெக்டயர் தேயிலையும் சபைக் கணக்கில் சரிசமம்!

இன்னும் இருக்கிறது. நூறு ஹெக்டயர் தோட்டமென்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபா. 2021இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் சம்பளமும் அதே ஆயிரம் ரூபாதான். கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி ஒரு நாள் பேர் போட்டால் வருகிற காசு, முழு மலையின் வருட வரி! யார் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டார்களோ!

அப்போ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு எவ்வளவு ஆதன வரி? ஒன்றுமில்லை. சொந்தமாக வீடிருந்தால்தானே வரி! அதிலும் ஆதன வரியை எல்லா இடத்திலும் அறவிட முடியாது. சபை 'அபிவிருத்தியடைந்த பிரதேசம்' என்று அறிவித்த இடத்தில் மட்டும்தான். காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் மாகாண சபை வழியாக உள்ளூர்ச் சபைக்கு வந்து சேரும். லயக் காம்பராவை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அந்த வழியிலும் தோட்டத்திலிருந்து சபைக்கு வரவு பூச்சியம்.

வரி இல்லையே, ஜாலிதானே என்கிறீர்களா? பொறுங்கள், வாக்கும் இல்லாமல் கிடந்த கதை இருக்கிறது. 1937இல், பிரதேச சபைகளுக்கு முன்பிருந்த கிராமச் சங்கங்களின் சட்டத்தைத் திருத்தியபோது ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாக்குக் கொடுத்து, தோட்டத்து லயங்களில் இருக்கும் இந்தியத் தொழிலாளரை மட்டும் வெளியே வைக்கப் பார்த்தார்கள். இந்திய அரசு எதிர்த்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? லயத்திலிருக்கும் எல்லா இனத் தொழிலாளரையும் சேர்த்தே விலக்கிவிட்டார்கள், சமத்துவமாம்!

அடுத்ததுதான் தலைசுற்றும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தபின் தோட்டத்து மக்களும் வாக்குப் போட்டார்கள், உறுப்பினரையும் அனுப்பினார்கள். ஆனால் அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துப் பாதைக்குச் சபைக் காசில் கல் போடப் போனால், 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டம் என்றால் கம்பனி நிலம். பாதையோ, தண்ணியோ, பிள்ளை மடுவமோ துரையிடம் கேள் என்பதுதான் பதில். வாக்கு வாங்கலாம், லைட் போட முடியாது! 2018இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தக் கதவு திறந்தது. முப்பத்தொரு வருடம்!

 

சட்டம் திறந்தது சரி, காசு? ஹெக்டயருக்குப் பத்து ரூபாயை வைத்து எத்தனை கிலோமீட்டர் பாதை போடுவது என்று எந்தச் சபையிலும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

இப்போது காணியும் இந்திய உதவியில் வீடும் வருகின்றன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பயனாளிகளுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்களைக் கொடுத்தார். அந்த வீடுகள் நிற்கும் இடத்தைச் சபை ஒருநாள் அபிவிருத்தியடைந்த பிரதேசமாக அறிவித்தால், வாசலில் ஆதன வரி இலக்கம் ஒட்டுவார்கள். முழு வருடத்துக்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு. காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் நூற்றுக்கு ஐந்து!