நிலத்தில் நடந்து கற்கும் நெருப்பறிவு

ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள ஆர்ன்ஹெம் லேண்டின் மேற்குப் பகுதி, மணற்பாறைகள் நிறைந்த மேட்டுநிலமாகும். அங்கு வாழும் பினிஞ் பூர்வகுடியினர், தொன்றுதொட்டு நெருப்பைக் கொண்டே தங்கள் நிலத்தைப் பேணிவந்துள்ளனர். மழைக்காலம் ஓய்ந்து புல் காயத் தொடங்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை, தரையில் ஈரம் முற்றும் வற்றாத நிலையில், அவர்கள் ஆங்காங்கே சிறு தீ வைக்கின்றனர். இரவுப் பனியில் தானே தணிந்துவிடும் அத்தீ, எரிந்த திட்டும் எரியாத திட்டுமாக நிலத்தைப் பிரித்துவிடுவதால், வறட்சியின் உச்சத்தில் மூளும் பெருந்தீ தொடர்ந்து பரவ வழியின்றி அடங்குகிறது. கடுந்தீயைத் தாங்காத அன்பினிக் மரத்தோப்புகளும் தொன்மையான பாறை ஓவியங்களும் பிழைக்கின்றன.

எந்தப் புல்வெளியை எப்போது, எந்தக் காற்றில் எரிப்பது என்பதை இளையோர் மூத்தோருடன் அந்நிலத்தில் நடந்தே கற்கின்றனர். ஆனால் தீ வைக்கும் உரிமை எல்லோருக்கும் எல்லா இடத்திலும் கிடையாது. தந்தைவழிக் குலத்தார் நிலத்துக்கு உரியோர். அந்நிலம் எவருடைய தாயின் நிலமோ, அவர் அதன் ‘ஜுங்காய்’, அதாவது மரபு வழுவாமல் அனைத்தும் நடைபெறுகின்றனவா என்று மேற்பார்ப்பவர். ஒருவரே தம் தந்தையின் நிலத்தில் உரியவராகவும் தாயின் நிலத்தில் ஜுங்காயாகவும் இருப்பதால், ஒரு குலத்தின் அறிவை மற்றொரு குலம் திருத்திக் காக்கிறது. எழுத்தில்லாத அறிவு நிலையற்றது என்று கருதுவோர் இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷன்களும் சுரங்கங்களும் நகரங்களும் மக்களை ஈர்த்துக்கொள்ள, மேட்டுநிலம் ஏறத்தாழ ஆளற்றுப் போயிற்று. பேணுவார் இல்லாத நிலத்தில் ஆண்டுதோறும் வறண்ட பருவத்தின் பிற்பகுதியில் பெருந்தீ பரவியது. அதைவிடக் கொடியது, தம் நிலத்தையே காணாத பிள்ளைகள் வளர்ந்ததுதான். இந்நிலையை மாற்ற முனைந்தவர்களில் முதன்மையானவர், மரப்பட்டை ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற மூத்தவர் பர்தயல் நட்ஜமெரெக். அவர் குடும்பத்தாருடன் மேட்டுநிலத்துக்கே திரும்பி, கபுல்வர்னம்யோ என்னும் குடியிருப்பை நிறுவியதோடு, தம் நெருப்பறிவை அறிவியலாளர்களுடனும் பகிர்ந்துகொண்டார். வறண்ட பருவத்தின் முற்பகுதியில் வைக்கும் சிறு தீயினால் பெருந்தீ குறைந்து, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய வாயுக்களின் வெளியேற்றமும் குறைகிறது என்ற கணக்கின் அடிப்படையில், 2006இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. டார்வின் நகரின் எரிவாயு ஆலை தன் மாசுக்கு ஈடாக இதற்கு நிதியளித்தது. ரேஞ்சர்கள் எனப்படும் நிலப் பராமரிப்பாளர்களாக இளையோர் ஊதியம் பெற்றனர். இன்று ஹெலிகாப்டரும் செயற்கைக்கோள் வரைபடமும் துணைநின்றாலும், எங்கே தீ வைப்பது என்ற முடிவில் நிலத்துக்கு உரியோரும் ஜுங்காய்களும் கலந்தே நிற்கின்றனர்.

பர்தயல் 2009இல் மறைந்தார். ஊதியம் கிடைத்தும் ஒரு குறை எஞ்சியிருந்தது: குடியிருப்பில் பள்ளி இல்லாததால், பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்பிய குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அக்குறையைப் போக்க 2015இல் கபுல்வர்னம்யோவில் நவர்டெக்கன் அகாதெமி தொடங்கப்பட்டது. அங்கு பொதுப் பாடங்களோடு தாய்மொழியும் நிலம்சார்ந்த அறிவும் கற்பிக்கப்படுகின்றன. முதியோரின் சொற்களை ஒலிப்பதிவு செய்து காப்பகங்களில் சேர்ப்பது தேவையான பணியே. ஆயினும் பேரப்பிள்ளைகள் முதியோருடன் அதே நிலத்தில் வாழ்வதற்கான பள்ளிக்கும் ஊதியத்துக்கும்தான் ஆஸ்திரேலிய அரசு முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.