பித்தளைக் குழலின் புல் நாக்கு

சாக்ஸபோனின் உடல் முழுவதும் பித்தளையால் ஆனது என்றாலும், மேற்கத்திய இசையில் அது கிளாரினெட், ஓபோ ஆகியவற்றோடு மரக் காற்றுக் கருவிகளின் வரிசையிலேயே வைக்கப்படுகிறது. ஏனெனில் அதன் ஒலி பித்தளையில் பிறப்பதில்லை, வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸின் அடியில் கட்டப்பட்டிருக்கும் ரீடு என்ற நாணல் தட்டையில் பிறக்கிறது. நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. சாக்ஸபோனில் ஒற்றை இதழ் மவுத்பீஸின் விளிம்பில் மோதித் திறந்து மூடுகிறது. மேற்கத்திய வாத்தியங்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் ஸ்வரத்தை ஊதும்போது இந்த இதழ் நொடிக்கு 440 முறை அடித்துக்கொள்கிறது. அதன் நுனியின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்.

அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக் கருவி வினைஞர் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இக்கருவியின் சாவிகளும் துளைகளும் பின்னாளில் எத்தனையோ திருத்தங்களைக் கண்டன. ரீடு மட்டும் பெரும்பாலும் புல்லாகவே நீடிக்கிறது. அருண்டோ டோனாக்ஸ் என்ற தாவரப் பெயருடைய இந்த உயரமான நாணலுக்குத் தென் பிரான்சின் வார் வட்டாரம் பெயர்பெற்றது. அங்கே இரண்டு ஆண்டு வளர்ந்த தட்டைகளைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்து, நெடுநாள் பதப்படுத்திய பிறகே சீவுகிறார்கள். ஒரே புதரில் வளர்ந்த இரண்டு தட்டைகளின் நார் ஒன்றுபோல் இருப்பதில்லை. பத்து ரீடு கொண்ட பெட்டியில் சில அருமையாகப் பேசுவதும் சில ஊமையாகக் கிடப்பதும் அதனால்தான். வாங்குபவர்கள் இதைத் தயாரிப்புக் குறையென்று சினப்பதுண்டு. பாதிக் குற்றமாவது புல்லினுடையது.

பெட்டியின்மேல் 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும் எண், ரீடின் கனத்தைக் காட்டுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். ஒரே வகை ரீடுகள் யாவும் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. சீவிய பின் வளைத்துப் பார்த்து, எந்த அளவு விறைப்பாக நிற்கிறதோ அதற்கேற்பவே எண் இடப்படுகிறது. இந்த அளவுகோல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒரு நிறுவனத்தின் இரண்டரை மற்றொன்றின் மூன்றுக்கு இணையாக இருக்கக்கூடும். எண் ஏற ஏற வாசிப்பவரின் தகுதியும் ஏறுகிறது என்ற நம்பிக்கை மாணவர்களிடையே இருப்பதுதான் இத்துறையின் பெரிய மயக்கம். உண்மையில் ரீடைத் தீர்மானிப்பது மவுத்பீஸின் வாயகலம், அதாவது அதன் நுனிக்கும் ரீடின் நுனிக்கும் இடையிலுள்ள திறப்பு. தொடக்க மாணவர்களுக்கான ஆல்டோ மவுத்பீஸில் இது 1.6 மில்லிமீட்டர் அளவிலும், ஜாஸ் வாசிப்போர் விரும்பும் சிலவற்றில் 2 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். திறப்பு அகலமானால் ரீடு அதிக தூரம் வளைய வேண்டியிருப்பதால் மென்மையான ரீடும், குறுகலானால் விறைப்பான ரீடும் பொருந்தும். புதிதாகக் கற்பவர்கள் 2 அல்லது 2.5-இல் தொடங்குவது வழக்கம்.

தேர்வு சரியில்லை என்பதைக் காதே சொல்லிவிடும். ரீடு மிகக் கடினமாக இருந்தால் ஒலியோடு காற்றின் இரைச்சல் கலந்து, கீழ் ஸ்வரங்கள் எழ மறுத்து, உதடு கடித்து அழுத்தும் பழக்கத்துக்கு ஆளாகிறது. மிக மென்மையாக இருந்தால் ஒலி மெலிந்து ரீங்கரித்து, மேல் ஸ்வரங்கள் சுருதியிலிருந்து இறங்கி, பலமாக ஊதும்போது இதழ் மூடிக்கொள்கிறது. கர்நாடக இசைக்கு இது இன்னும் நுட்பமான சிக்கல். கர்நாடக சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத் கமகங்களுக்காகக் கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டவர். ஆனால் ஸ்வரத்தை இழைத்து வளைக்கும் வேலையில் பெரும்பங்கு உதட்டுக்கும் ரீடுக்கும் உரியது என்பதால், வளைந்து கொடுக்காத ரீடு ராகத்தின் வடிவையே விறைப்பாக்கிவிடும்.

வாங்கிய ரீடை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் இருண்டும் நுனியை நோக்கி வெளிறியும் தெரியும் நிழல் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் தட்டை முற்றவில்லை என்று பொருள். கட்டும்போது ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கருப்பு ஒரு மயிரிழை தெரிந்தால் போதும். ரீடைச் சற்று மேலேற்றினால் விறைப்பும் கீழிறக்கினால் மென்மையும் கூடுவதால், கடைக்குப் போகாமலே சிறு குறைகளைச் சரிசெய்யலாம். ஓரம் தடித்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் இழைக்கலாம், ஆனால் தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது.

புது ரீடை முதல் நாளே மணிக்கணக்கில் ஊதக்கூடாது. நனைத்து ஐந்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று பழக்கி, மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஈரத்தில் ஊறிய நார் காய்ந்து மீள அவகாசம் கிடைக்கிறது. வாசித்து முடித்ததும் கழற்றித் துடைத்து, தட்டையான ரீடுப் பெட்டியில் வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டால் நுனி அலையலையாய் நெளியும், பூஞ்சையும் பிடிக்கும். நாள்தோறும் வாசிப்பவரிடம் ஒரு ரீடு இரண்டு முதல் நான்கு வாரம்வரை தாங்கும். நுனி பிளந்தால் மாற்றுவதில் ஐயமில்லை. பிளவேதும் இல்லாமல் மெதுவாகச் சாகும் ரீடுதான் ஏமாற்றுகிறது, ஏனெனில் அதன் தளர்ச்சியை வாசிப்பவர் தம்மையறியாமல் உதட்டால் ஈடுசெய்துகொண்டே போகிறார். பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதிவைப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் குறைவு.

கனடாவின் லெஜேர் போன்ற நிறுவனங்கள் செய்யும் செயற்கை ரீடுகள் நாணலைவிடப் பலமடங்கு விலையுள்ளவை; நனைக்க வேண்டியதில்லை, ஈரப்பதம் மாறினாலும் நெளிவதில்லை, மாதக்கணக்கில் உழைக்கின்றன. கடற்கரை ஊரின் புழுக்கத்திலிருந்து ஏ.சி. அரங்குக்குள் நுழைந்து உடனே வாசிக்க வேண்டியவர்கள், தமக்குப் பிடித்த நாணல் ரீடு கையிலிருந்தாலும், இவற்றில் ஒன்றைப் பெட்டிக்குள் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.